மீன் சந்தைக்குப் போன பூனை

எங்கள் சந்தில் வெயில் விழுவதில்லை. இரண்டு பக்கமும் மாடிக்கு மேல் மாடி ஏற்றியதில் மேலே தகரங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. கீழே வாப்பாவின் தோல் பைப் பட்டறை. அங்கிருந்து இரும்பு ஏணியில் கயிற்றைப் பிடித்து ஏறினால் ஒற்றை அறை. அதுதான் வீடு. ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் எதிர்வீட்டுச் சுவர், கையை நீட்டாமலே தொடலாம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். மாட்டுங்காவில் கல்லூரி, உயிரியல் பாடம். சூரியன், புல், மான், புலி என்று புத்தகத்தில் அம்புக்குறி போட்டிருக்கும். ஒவ்வொரு வாயிலும் சக்தியின் பெரும்பங்கு சூடாகக் கழிந்துபோகும், மிச்சம்தான் அடுத்த வாய்க்கு என்று எழுதியிருக்கும். ஏணி உச்சியில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போது, நம் சந்தில் புல்லே இல்லையே, இத்தனை உயிர் எதை வைத்து ஓடுகிறது என்று யோசிப்பேன். பதில் கீழேயே கொதித்துக்கொண்டிருந்தது. பைக்குள் அட்டை ஒட்ட மைதாப் பசை காய்ச்சுவார்கள். எங்கோ கோதுமை வயலில் விழுந்த வெயில் எங்கள் சந்துக்கு மூட்டையில் வந்தது. சிந்திய பசையை எலி தின்றது. எலியைப் பூனை தின்றது.

அந்தப் பூனை யாருடையதும் இல்லை. சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்திருக்கும். தோல் கட்டுகள் அடுக்கிய பரணில் கிடக்கும். யாரும் அதற்குச் சோறு வைத்ததில்லை, யாரும் விரட்டியதும் இல்லை.

என் அக்கா, எங்கள் லாத்தா, பிரசவத்துக்கு வந்த பிறகுதான் அது எல்லார் கண்ணிலும் பட்டது. லாத்தாவின் மாமியார் வீடு கோபர்கைரனேயில். இரண்டு அறை, துணி காயப்போட பால்கனி எல்லாம் உண்டு. ஆனாலும் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், நாற்பது நாள் கழிந்துதான் திரும்ப வேண்டும். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து உம்மா இந்த நாற்பதுக்காகத்தான் காத்திருந்தாள். எங்கள் வீடு சின்னது என்று சம்பந்தி வீட்டில் அரசல்புரசலாகப் பேசியது அவள் காதிலும் விழுந்திருந்தது. குறையில்லாமல் பார்த்து அனுப்பிவிட்டால் அந்தப் பேச்சு அடங்கும் என்று நம்பினாள்.

பெண்குழந்தை. பார்க்க வந்த பக்கத்து வீட்டு மாமி ஏணியில் பாதி ஏறும்போதே பரணைப் பார்த்துவிட்டாள்.

"பச்சப்புள்ள இருக்குத வீட்டுல பூனையா? முடி மூச்சுல போயிட்டா என்ன செய்வீய?"

அன்று முழுக்க அதே பேச்சு. பூனையை அடிக்க முடியாது. எங்கள் ஆட்களில் பூனைக்குத் தீங்கு செய்ய யாருக்கும் கை வராது, பெரிய பாவம். ஆகவே அதற்கும் நன்மையாக இருக்கட்டும் என்று, மீன் சந்தையில் கொண்டுபோய் விடுவதாக வாப்பா முடிவு செய்தார். பூனை போனால் எலி மேலே ஏறும் என்று நான் சொன்னேன். தைக்கிறவர்கள் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். பூனைக்கு வக்கீல் வந்தாச்சு என்றார் ஒருவர். வாப்பா சிரிக்கவில்லை.

"ஏல, நீ படிச்சது காட்டுக்கு உள்ள பாடம். இங்க மானுமில்ல, புலியுமில்ல. புள்ளதான் இருக்கு."

குழந்தைக்கு அப்போது மூச்சில் ஒரு கரகரப்பு இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு மேலே வாதாட முடியவில்லை. பூனையை ஒரு பெரிய பைக்குள் விட்டு, ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்து எடுத்துப் போனார்கள். உள்ளே கருவாட்டுத் துண்டு போட்டது உம்மா.

முதலில் மாவு மூட்டையில் ஓட்டை விழுந்தது. பிறகு ஏணியில் புழுக்கை. கம்பிக்கூண்டு வைத்தோம், எலிகள் மாட்டவும் செய்தன. கொல்ல மனசில்லாமல் அவற்றை அடுத்த சந்துச் சாக்கடையில் திறந்துவிட்டு வருவோம். அடுத்த சந்துக்காரர்கள் அவர்கள் பிடித்ததை எங்கள் சந்தில் விட்டார்கள். எலிகளுக்கு இது ஒரு ஷட்டில் சர்வீஸ்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்கு ஆண்கள் எல்லாரும் போயிருந்தோம். வேலை நடக்கும் நேரத்தில் தையல் மெஷின் சத்தத்துக்கு எலி மேலே வராது. அன்று பட்டறை அமைதியாக இருந்தது. உம்மா அடுப்பின் முன்னால் இருந்தாள், லாத்தா உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது குழந்தையின் தாடைக்குக் கீழே, பால் வழிந்த துணியை ஒரு எலி கடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் திரும்பி வரும்போது துணியில் விரல் நுழையும் ஓட்டை. குழந்தையின் தோலில் ஒன்றுமில்லை. உம்மா குழந்தையைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் அறையை அடைத்தோம். ஜன்னலுக்குப் பலகை. ஏணி ஏறும் துவாரத்துக்குத் தகரமூடி. குழாய் வரும் இடுக்குகளில் சிமெண்ட். மே மாதம். தகரக்கூரை கொதித்தது, பசை காயும் வாடை வெளியே போக வழியில்லை. குழந்தைக்கு வேர்க்குரு அள்ளிப்போட்டது. கூண்டைக் கீழே வைத்துவிட்டு நாங்கள் மேலே ஒரு கூண்டுக்குள் கிடந்தோம். பரீட்சைக்குப் படிக்கும் புத்தகத்தில் என் வேர்வை சொட்டி அம்புக்குறிகள் ஊறிப்போயின. மூடியைத் தூக்கிக் கீழே இறங்கக்கூட, ஒருவர் குழந்தைக்குக் காவலிருக்க வேண்டும்.

வாப்பா யாரிடமும் சொல்லாமல் மீன் சந்தைக்குப் போனார். வெறும் பையோடு திரும்பி வந்தார். பூனை இருந்ததாம். ஐஸ் பெட்டிக்கு மேலே படுத்திருந்ததாம், ரெண்டு பங்காகப் பெருத்து. கருவாட்டைக் காட்டினாராம்.

"மோந்துகூடப் பாக்கல," என்றார். பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, "அது எதுக்குல திரும்பி வரணும்?" என்றார்.

தின்ன நிறைய இருக்கும் இடத்தை விட்டு எந்த உயிரும் திரும்பாது என்பது என் புத்தகத்திலும் இருந்தது.

நாற்பதில் பாதிகூட ஆகவில்லை, லாத்தாவையும் குழந்தையையும் கூட்டிப்போக மச்சான் வந்துவிட்டார். அவர் ஒரு குறையும் சொல்லவில்லை, அதுதான் உம்மாவுக்குத் தாங்கவில்லை. குழந்தையின் துணிகளை மடித்து மடித்து மறுபடி பிரித்தாள். வாப்பா குழந்தையை நெஞ்சோடு துணியில் கட்டி, கயிற்றைப் பிடித்து, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக இறங்கினார். லாத்தா ஏணியில் கால் வைத்தவள், திரும்பி உம்மாவைப் பார்த்தாள்.

"இனி அந்தப் பலகையக் கழட்டிருங்கம்மா. நீங்களாவது மூச்சு விடுங்க."

அவர்கள் சந்து திரும்பும் வரை உம்மா துவாரத்தின் ஓரம் உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலில் அடித்த ஆணிகளைப் பிடுங்கிப் பலகையை எடுத்தேன். எதிர்ச்சுவர் அங்கேயே இருந்தது. அதே சுண்ணாம்பு, அதே ஈரக்கறை. காற்று என்று ஒன்றும் வரவில்லை. பலகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். கீழே சாப்பாட்டுக்கு மெஷின்களை நிறுத்தினார்கள். அந்த வெள்ளிக்கிழமை போலவே பட்டறை அமைதியானது.

"மூடியப் போடுல," என்றாள் உம்மா. குழந்தை இல்லாத அறைக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. போட்டேன்.