நீல நாடா கட்டிய பெட்டி

டவுன் பள்ளிக்கூடம் உசத்தி, கிராமத்துப் பள்ளிக்கூடம் மட்டம் என்று யாராவது ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். நான் இரண்டிலும் படித்தவள். இரண்டைப் பற்றியும் பேச எனக்கு உரிமை இருக்கிறது.

எங்கள் ஊர் திருநள்ளாறு பக்கம். எழுபதுகளின் கடைசியில் அங்கே அரசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஓட்டுக் கட்டடம். மழை பெய்தால் ஒழுகாத பக்கமாகப் பெஞ்சை நகர்த்திக்கொள்வோம். அறிவியல் லேப் என்று ஒன்று கிடையாது. ஆனால் வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் இருக்கும். பாண்டிச்சேரியிலிருந்து அதிகாரி இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறார் என்றால், முந்தின நாள் சாயங்காலமே காரைக்கால் டவுன் பள்ளிக்கூடத்துப் பியூன் சைக்கிள் கேரியரில் ஒரு மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். உள்ளே நுண்ணோக்கி. பெட்டியின் கைப்பிடி உடைந்துபோய், அந்த இடத்தில் நீல நாடா கட்டியிருக்கும். மேசையில் வெள்ளைத் துணி விரித்து நுண்ணோக்கியை எடுத்து வைப்பார்கள். நாங்கள் கிட்டே போனால் பிரம்படிதான்.

வெங்காயத் தோலை இதில் வைத்தால் என்ன தெரியும் என்று அதிகாரி கேட்பார். செங்கல் அடுக்கினாற்போல் செல்கள் தெரியும் என்று வகுப்பே ஒரே குரலில் பாடும். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அவருக்கும் திருப்தி. மறுநாள் பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். எங்களில் ஒருத்தரும் அதில் கண்ணை வைத்ததில்லை. எனக்கு வயிறு எரியும்.

பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினேன். பிளஸ் ஒன் படிக்க டவுனுக்குத்தான் போகவேண்டும். அறிவியல் குரூப் கிடைத்தால் நர்ஸ் படிப்புக்குப் போகலாம், கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அப்பா கூலி வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு என்னோடு வந்தார். ஹெச்.எம். டீச்சர் மார்க்கைப் பார்த்தார், பள்ளிக்கூடத்தின் பெயரைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். லேப் இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்முறைத் தேர்வில் கோட்டை விடுவார்கள், தன் பள்ளியின் ரிசல்ட் கெட்டுவிடும், வேண்டுமானால் வரலாறு குரூப்பில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். அப்பா சரிங்கம்மா என்று தலையாட்டிவிட்டார். நான் நகரவில்லை.

"மைக்ராஸ்கோப்ப கண்ணாலயாவது பாத்திருக்கியா நீ?" என்று கேட்டார் டீச்சர்.

"பாத்திருக்கேன் டீச்சர். நீல நாடா கட்டுன பெட்டியில வரும். வருசா வருசம் இங்கேருந்துதான் வரும். எங்க ஊர்ல லேப் இல்லேன்னு உங்களுக்குத் தெரியும்ல. அப்புறம் எதுக்கு அனுப்புனீங்க?"

அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு விண்ணப்பத்தில் அறிவியல் குரூப் என்று எழுதிவிட்டு, ஃபெயிலானால் அப்புறம் இங்கே வந்து அழக்கூடாது என்றார். அழமாட்டேன் என்றேன்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது சங்கதி. டவுன் பள்ளிக்கூடத்தில் நுண்ணோக்கி கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் டவுனை ஒட்டிய தலத்தெருக்காரி, ஆறாவதிலிருந்து அங்கேயே படித்தவள். அவளும் அதில் பார்த்ததில்லை. பரீட்சைக்கும் ஊர் ஊராக இன்ஸ்பெக்ஷனுக்கு அனுப்பவும்தான் வெளியே எடுப்பார்களாம். வெங்காயத் தோலில் என்ன தெரியும் என்று கேட்டேன். செங்கல் அடுக்கினாற்போல் என்று அவளும் பாடினாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் பழைய கோபம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. இந்தப் பூட்டை வைத்துக்கொண்டா எங்களை மட்டம் என்றார்கள்?

மறுநாளிலிருந்து சோற்று டப்பாவோடு ஒரு வெங்காயமும் கொண்டுபோனேன். உயிரியல் வகுப்பு தொடங்கும்போது டீச்சரின் மேசையில் வைப்பேன், முடிந்ததும் எடுத்துக்கொள்வேன். டீச்சர் திட்டினார். லென்ஸ் உடைந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். வெளியே நிறுத்தினார். மறுநாளும் வைத்தேன். ஒரு நாள் தலத்தெருக்காரியும் ஒன்று கொண்டுவந்து வைத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். வகுப்பறையில் காய்கறிக் கடை வாடை அடித்தது. கடைசியில் டீச்சரே ஹெச்.எம். அறைக்குப் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டு வந்தார்.

அலமாரியிலிருந்து அதே நீல நாடாப் பெட்டியை எடுத்துத் திறந்தார். தோலை உரித்து வைத்து, திருகைத் திருப்பி, முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். குனிந்து கண்ணை வைத்தேன்.

"என்ன தெரியுது, சொல்லு" என்றார்.

எனக்குப் பின்னால் நின்றவர்கள் பழக்கதோஷத்தில் செங்கல் அடுக்கினாற்போல் என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் கண்ணை எடுக்கவில்லை.

"இருங்க டீச்சர்," என்றேன். "நான் இன்னும் பாத்து முடிக்கல."