உள் மிஸ், வெளி மிஸ்

வட்டத்தைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருக்கிறது. பரீட்சைக்கு உட்காரப் போகிற பிள்ளைகள் செல்போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திரையின் ஓரத்தில் வந்து விழுகிற கேள்வி என்ன தெரியுமா? "மிஸ், உங்க லிப்ஸ்டிக் என்ன ஷேட்?" அதற்குப் பதில் எனக்குத்தான் தெரியும், அந்த உதட்டில் அதைப் பூசியவளே நான்தானே. நான் மேக்கப்காரி. "அழகு சோறு போடுமா?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். போடுகிறதே, தினமும் என் தட்டிலேயே போடுகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை, அந்த லிப்ஸ்டிக்காரியைப் பற்றியும் இல்லை. அந்தப் பாடத்தை உண்மையில் நடத்தியவளைப் பற்றி. அவள் என் தங்கை. அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்க விட்டால்தானே!

தங்கைக்கு மாறுகண். ஒரு கண் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கும், இன்னொன்று பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கும். பார்வை தெளிவாகத்தான் இருந்தது, படிப்புக்கும் அதனால் ஒரு குறைச்சலும் வரவில்லை. குறைச்சலெல்லாம் பார்க்கிறவர்களுக்குத்தான். போட்டோ எடுக்கப் போனால் "பாப்பா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்பார்கள். எங்கள் வீட்டு ஆல்பம் முழுக்க அவள் யாரையோ வழியனுப்புகிற மாதிரி பக்கவாட்டில்தான் நிற்பாள். பள்ளி ஆண்டு விழாவில் பேச்சை எழுதியவள் அவள். மேடையேறிப் பேசியது வேறொரு சிவத்த பிள்ளை. பரிசும் அந்தப் பிள்ளைக்குத்தான். தங்கை கீழே உட்கார்ந்து, எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினாள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும், "பெரியவளுக்கு முகம், சின்னவளுக்கு மூளை" என்று பங்கு பிரித்துச் சொல்லிவிடுவாள். எனக்கு மூளை இல்லை என்று அவளிடம் யார் சொன்னார்களோ! காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். எங்கள் அம்மாவுக்கு டிவியில் வருகிற குஞ்சுதான் பொன். சீரியல் கதாநாயகியைப் பார்த்து, "எவ்வளவு லட்சணம் பாரு" என்று பெருமூச்சு விடுவாள். அந்த லட்சணம் நாடகம் முழுக்க எல்லோரிடமும் ஏமாந்துகொண்டே இருக்கும். அதைப் பற்றி அம்மாவுக்குக் கவலை கிடையாது.

தங்கை கணக்கு எடுத்துப் படித்து, ஒரு டியூஷன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேதான் அவள் ராணி. முதல் நாள் வகுப்பில் பின் பெஞ்சில் சிரிப்புச் சத்தம் கேட்டால் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வாள்: "நான் யாரைப் பாக்குறேன்னு உங்களுக்குத் தெரியாது. அதனால எல்லாரும் ஒழுங்கா இருங்க." வகுப்பே சிரித்துவிடும். அதோடு சரி, அதற்குப் பிறகு யாருக்கும் அந்தக் கண் ஞாபகத்துக்கே வராது. "புரியாத பிள்ளை வாயைத் திறக்காது அக்கா, ஆனா தோள் கொஞ்சம் இறங்கும். அதைப் பாத்துட்டா போதும், அங்க போய் நின்னுடுவேன்" என்று என்னிடம் சொல்வாள். பிள்ளைகளின் முகம் பார்த்துப் பாடம் நடத்துவதுதான் அவள் உயிர். வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அது யார் கண்ணை உறுத்தியதோ. சென்டர் முதலாளி ஒருநாள் யாரோ ஒருத்தர் செல்போனில் பாடம் நடத்திப் பெரிய ஆளானதைப் பார்த்துவிட்டார். கண்டதே காட்சி, கொண்டதே கோலம். பெஞ்சுகளை விற்றார். வகுப்பறையில் பச்சைத் துணி கட்டினார், விளக்குகளை நிறுத்தினார், சோப்பு விளம்பரத்தில் நடித்த ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். அறையின் மூலையில் ஒட்டுப்பலகையால் ஒரு தடுப்பு வைத்து, அதற்குப் பின்னால் ஒரு மைக்கும் குட்டித் திரையும் கொடுத்து என் தங்கையை உட்கார வைத்தார். தங்கை மைக்கில் ஒரு வரி சொல்வாள். அது அந்தப் பெண்ணின் காதுக்குள் கேட்கும். அந்தப் பெண் அதையே கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி சொல்வாள். அங்கே வேலை செய்கிற மற்றவர்கள் இந்த இருவருக்கும் பேர் வைத்துவிட்டார்கள்: உள் மிஸ், வெளி மிஸ். வெளி மிஸ்ஸுக்கு மேக்கப் போட ஆள் வேண்டும் என்றபோது, தங்கைதான் என் பேரைச் சொன்னாள். எப்படி இருக்கிறது கதை!

வெளி மிஸ்ஸைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நல்ல பெண். "அக்கா, நாண்னா என்ன அக்கா? தினமும் சொல்றேன்" என்று ஒருநாள் கேட்டாள். வட்டத்தின் விளிம்பில் இரண்டு புள்ளிகளை இணைக்கிற கோடு என்று நான் சொன்னேன். ஆமாம், எனக்கும் தெரியும்.

ஒருநாள் நேரலையில், தடுப்புக்குப் பின்னால் வியர்த்து வழிந்த தங்கை, மைக்கை அணைக்க மறந்து என்னிடம், "அக்கா, உயிர் போகுது, அந்த ஃபேனை இப்படித் திருப்பேன்" என்றாள். வெளி மிஸ் கேமராவைப் பார்த்து, அழகாகப் புருவத்தை உயர்த்தி, "அக்கா, உயிர் போகுது, அந்த ஃபேனை இப்படித் திருப்பேன்" என்றாள். சொல்லி முடித்தபிறகுதான் அவளுக்கே உறைத்தது. இத்தோடு குட்டு உடைந்தது என்று நான் நினைத்தேன். எங்கே! திரையில் இதயம் இதயமாக வந்து கொட்டியது. "மிஸ் ரொம்ப க்யூட்!" முதலாளி ஓடிவந்து, "தினமும் இப்படி ஒண்ணு வைங்க" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் தங்கை முதலாளியின் அறைக்குப் போனாள். "சார், ஒரே ஒரு கிளாஸ் நானே எடுக்கிறேன். என் முகத்தோட. பிள்ளைங்க கேள்வி கேட்டா நானே நேரா பதில் சொல்றேன். அது போதும்" என்றாள். வாழ்க்கையில் அவள் தனக்கென்று வாய்விட்டுக் கேட்ட ஒன்று அதுதான்.

முதலாளி யோசித்தார், கேமராக்காரரைக் கூப்பிட்டார். "மிஸ் கண்ணை நேராக்கிக் காட்டுற மாதிரி ஏதாவது ஃபில்டர் இருக்கா?" இருந்தது. முகத்தைத் தானே கண்டுபிடித்து, தோலை வெளுக்க வைத்து, கண்ணைப் பெரிதாக்கி, உதட்டுக்குச் சாயமும் பூசிவிடுமாம். என் பிழைப்புக்கும் சேர்த்து உலை வைக்கிற சாமான். தங்கை சரி என்றாள். அவளுக்கு வகுப்பு கிடைத்தால் போதும், முகத்தில் எதை ஒட்டினால் என்ன!

வகுப்பு நன்றாகத்தான் தொடங்கியது. பிறகு அவள் பலகைப் பக்கம் திரும்பி ஒரு வட்டம் போட்டாள். உள்ளே மேல்பக்கம் இரண்டு புள்ளி வைத்தாள். கீழே ஒரு நாண் வரைந்தாள். அவள் முதுகைக் காட்டியதும் முகத்தைத் தொலைத்த ஃபில்டர், தேடிப் பார்த்து, அந்த வட்டத்தைப் பிடித்துக்கொண்டது. புள்ளிகள் இரண்டும் இமை முளைத்த பெரிய கண்களாயின. நாண், ரோஜா நிற உதடு ஆனது. போதாததற்குக் கன்னம் வேறு சிவந்தது. தங்கைக்கு எதுவும் தெரியாது. "இந்த வட்டத்தை நல்லா பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் நல்லாத்தான் பார்த்தார்கள்.

லிப்ஸ்டிக் போட்ட வட்டம் அன்று மாலைக்குள் ஊரெல்லாம் சுற்றியது. பாடம் என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "அந்த வட்டம் அழகா, வெளி மிஸ் அழகா?" என்று யாரோ வாக்கெடுப்பு வேறு நடத்தினார்கள். போங்கள், கிழிந்தது!

மறுநாள் நான் வெளி மிஸ்ஸுக்கு முகப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தேன். தங்கை அன்றைய கணக்குகளைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முதலாளி உள்ளே வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். பாசமாகப் பேசினார், அதுதான் தாங்கவில்லை.

"மிஸ், ஃபில்டரெல்லாம் வேலைக்கு ஆகாது. கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிக்குங்க. செலவு நான் பாத்துக்கிறேன். அப்புறம் உங்களுக்குன்னே ஒரு கிளாஸ்."

"எனக்குப் பார்வை நல்லாத்தானே இருக்கு சார்."

"உங்களுக்கு இருக்கு. பாக்குறவங்களுக்கு?"

தங்கை நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஆபரேஷனுக்கு அப்புறமும் நான் இதே கணக்கைத்தானே சார் சொல்லிக்கொடுப்பேன்?"

"அதே கணக்குதான். ஆனா அப்போ கேப்பாங்க" என்றார் முதலாளி.

மனுஷன் பொய் சொல்லவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். தங்கை நோட்டை மூடினாள். "வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு, எழுந்து தடுப்புக்குப் பின்னால் போய் மைக்கைச் சரிசெய்தாள். பரீட்சை பக்கத்தில் இருந்தது. பிள்ளைகளைப் பாதிப் பாடத்தில் விட்டுவிட்டு வர அவளால் முடியாது. என் கையில் இருந்த பவுடர் பஞ்சுக்குக் கீழே வெளி மிஸ்ஸின் முகம் சூடாக இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நேரலை தொடங்கியது. தங்கை முதல் வரியைச் சொன்னாள். வெளி மிஸ் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. காதிலிருந்த கருவியைப் பிடுங்கி மேசையில் வைத்தாள்.

"நான் ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். எனக்கு இந்தக் கணக்குல ஒரு வரிகூடத் தெரியாது. காதுல சொல்றதை கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்றேன், அவ்ளோதான். சொல்லிக்கொடுக்கிற மிஸ் அந்தத் தடுப்புக்குப் பின்னாடி வேர்த்துப்போய் உக்காந்திருக்காங்க. ஏன் தெரியுமா? அவங்க கண்ணு நேரா இல்லையாம்! கண்ணு எப்படி இருந்தா உங்களுக்கென்ன? கணக்கு சரியா இருக்கா, அதைப் பாருங்க!" சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். நான் போட்ட கண்மை கன்னத்தில் ஓடியது.

கேமராவை நிறுத்தச் சொல்லிக் கையை வீசப்போன முதலாளி, பார்க்கிறவர்களின் எண்ணிக்கை ஏறுவதைக் கண்டு தூக்கிய கையை அப்படியே இறக்கிக்கொண்டார். இனி பிள்ளைகள் கேட்பார்கள், அந்த மிஸ்ஸைக் காட்டுங்கள் என்று கத்துவார்கள் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது.

"கோபத்துலயும் மிஸ் எவ்ளோ அழகு!"

"அழாதீங்க மிஸ், மூக்கு சிவக்குது, ஆனா சூப்பரா இருக்கு."

"கண்மை எந்தக் கம்பெனி? வாட்டர்ப்ரூஃப் வாங்குங்க மிஸ்."

அட பாவிகளா! இந்த இதயக் குப்பைக்கு நடுவே, யாரோ ஒரு பிள்ளை, இதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல், ஒரு வரி எழுதியிருந்தது: "மையத்துல இருந்து செங்குத்தா கோடு போட்டா நாணை ஏன் சரிபாதியா வெட்டுது? நேத்து புரியல." வந்த வேகத்தில் அது மேலே ஏறி மறைந்தது. நானே பாதிதான் படித்தேன். தடுப்புக்குப் பின்னால் குட்டித் திரையில் தங்கை அதை முழுசாகப் படித்துவிட்டாள்.

அவள் வெளியே வந்தாள். முகம் கழுவவில்லை, கொண்டையில் பேனா செருகியிருந்தது. நேராகப் பலகைக்குப் போனாள். "யாரோ கேட்டீங்க இல்ல, ஏன் சரிபாதின்னு? நல்ல கேள்வி. மையத்தை நாணோட ரெண்டு முனைக்கும் சேருங்க. ரெண்டும் ஆரம், அதனால ஒரே நீளம். நடுவுல இருக்கிற செங்குத்துக் கோடு ரெண்டு முக்கோணத்துக்கும் பொது. அப்போ மிச்சம் இருக்கிற பக்கம் மட்டும் எப்படி வேற வேறயா இருக்க முடியும்?" அவள் கேமராவைத்தான் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையைப் பார்த்தாள், அது மட்டும் நிச்சயம். "இது யாரு?", "கண்ணைப் பாருங்கடா" என்றெல்லாம் வந்து விழுந்தது. "அழகு மிஸ் எங்க?" என்று கேட்டுவிட்டுக் கும்பல் கும்பலாகக் கிளம்பிப் போனார்கள். கடைசியில் ஒரு வரி வந்தது: "புரிஞ்சிடுச்சு மிஸ்." தங்கையின் முகம் எப்படி மலர்ந்தது என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கேட்காமல் கேமராவுக்கு முன்னால் வந்தது ஒழுங்கீனமாம். வெளி மிஸ்ஸை ஒன்றும் சொல்லவில்லை. பொன் முட்டையிடுகிற வாத்தை அனுப்ப முதலாளிக்கு என்ன பைத்தியமா? அவள் தானாக விலகப் பார்த்தாள், ஒப்பந்தத்தைக் காட்டி உட்கார வைத்துவிட்டார்கள். நான் என் மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாளில் ஒரு வீடியோ ஊரெல்லாம் பரவியது. "அழகு மிஸ் கண்ணீர்! காரணம் என்ன?" என்று தலைப்பு. காரணத்தைச் சொல்கிற பேச்சுக்கு மேல் சோக இசையைப் போட்டு அமுக்கியிருந்தார்கள். முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார்கள். என் தங்கை தடுப்பைத் தாண்டி வருவதற்கு முன்னாலேயே வீடியோ முடிந்துவிட்டது.

அம்மா சோபாவில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தங்கை வேறொரு பள்ளிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். போட்டோ ஒட்ட வேண்டிய கட்டம் இன்னும் காலியாக இருந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரு பெத்த பொண்ணோ, என்ன லட்சணம்! யாருக்காகவோ இப்படி அழுறாளே, பாவம்."

நான் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் தங்கை, எழுதுவதை நிறுத்தாமலே, "எனக்காகத்தாம்மா" என்றாள்.

அம்மா அதைக் கேட்கவில்லை. வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டிருந்தாள்.