பன்னிரண்டு குண்டே எங்கே போனது?

1. ஹெல்மெட்டோடு வந்தவர்

ஒரு கிராமத்தின் நில வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு இணையத்தில் வைத்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. அன்று காலை மாதேஷ் என்ற விவசாயி எங்கள் அலுவலகப் படியேறி வந்தார். தலையிலிருந்த ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கையில் பஹணி, இன்னொரு கையில் செல்போன். பஹணி என்றால் யாருக்கு எவ்வளவு நிலம் என்று சொல்லும் அரசாங்கச் சீட்டு.

மைசூரு ஹெப்பாளில் இரண்டு தொழிற்சாலைகளுக்கு நடுவே, இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அரசு அலுவலகங்கள் கேட்கும் நில வரைபடங்களைக் கணினியில் தயாரித்து, அலசி, இணையத்தில் ஏற்றிக் கொடுப்போம். ஜி.ஐ.எஸ். வேலை என்பார்கள். நான் அங்கே சீனியர் அனலிஸ்ட். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன்.

மாதேஷின் குடும்பம் ஹனூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அவர் அப்பா காலத்திலேயே ஹெப்பாளுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் நிலம் வாங்கி இங்கே வந்துவிட்டார்கள். போனை என் மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

“ஏனுங்க மேடம், பஹணியில எங்க நெலம் ரெண்டு ஏக்கர் இருபது குண்டேங்க. உங்க மேப்புல ரெண்டு ஏக்கர் எட்டு குண்டேன்னு காட்டுதுங்க. மிச்சம் பன்னண்டு குண்டே எங்கீங்க போச்சு?”

கர்நாடகத்தில் நாற்பது குண்டே சேர்ந்தால் ஒரு ஏக்கர். அவருடையது இரண்டரை ஏக்கர். அந்தக் கிராமம் புது லேஅவுட்டாக, அதாவது வீட்டுமனைக் குடியிருப்பாக மாறவிருந்தது. நிலத்தைக் கொடுப்பவர்களுக்கு, கொடுத்த பரப்புக்கு ஏற்றபடி அதே லேஅவுட்டில் மனைகள் திரும்பக் கிடைக்கும். எங்கள் வரைபடத்தில் இருக்கும் எண்தான் கணக்கு. ஆட்சேபணை சொல்ல முப்பது நாள், அதற்குப் பிறகு மாற்ற முடியாது. மாதேஷுக்கு ஒரு மனை, அவர் தம்பிக்கு ஒரு மனை என்று பேசி வைத்திருந்தார்கள். பன்னிரண்டு குண்டே போனால் தம்பிக்கு மனை இல்லை.

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர் போகும்போது கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று, எங்கள் அலுவலகப் பெயர்ப்பலகையையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

2. என் புத்தி

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தேகப் புத்தி. பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் வாங்க மாட்டேன். விஜயநகரில் எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுக் காட்டச் சொல்வேன். பஸ் சீக்கிரம் வந்துவிட்டால் போர்டை இரண்டு முறை படிப்பேன். என் கணவர் இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

வேலையில் இந்தப் புத்தி எனக்குச் சோறு போட்டது. ஒரு ஏரி வரைபடத்துக்கு வரைபடம் ஒல்லியாகிக்கொண்டே போனால், எந்தப் பக்கம் ஒல்லியாகிறது, அந்தப் பக்கம் யாருடைய நிலம் என்று முதலில் பார்ப்பவள் நான். நிலம் தானாகக் குறையாது, யாராவது குறைத்தால்தான் குறையும் என்பது என் நம்பிக்கை.

மாதேஷின் நிலத்தைத் திரையில் திறந்தேன். நில எல்லைக் கோட்டை பாலிகன் என்போம். அது அசையாமல் இருந்தது. கோட்டுக்குள் அளந்து பார்த்தால் இரண்டரை ஏக்கர் சரியாக வந்தது. கூடவே இருக்கும் அட்ரிப்யூட் டேபிள் என்ற விவர அட்டவணையில் பரப்பு என்ற கட்டத்தில் இருந்த எண் மட்டும் குறைவு. வெளியாள் செய்தால் கோட்டை நகர்த்துவான். கோட்டைத் தொடாமல் எண்ணை மட்டும் மாற்றியிருந்தால், அது உள்ளே உட்கார்ந்திருப்பவர் வேலை என்று நினைத்தேன்.

பக்கத்து நிலங்களைப் பார்த்தேன். ஒரு விதவையின் நிலத்தில் ஆறு குண்டே இல்லை. மூன்று அண்ணன் தம்பிகளின் நிலத்தில் பதினெட்டு குண்டே இல்லை. ஊர் முழுக்க இதே கதை. நடுவில் ஒரு பெரிய கட்டட கம்பெனி ஐந்து நிலம் வாங்கிப் போட்டிருந்தது. அந்த ஐந்தில் மட்டும் ஒரு குண்டேகூடக் குறையவில்லை. மூன்று ஏக்கர் மூன்று ஏக்கராகவே இருந்தது. நான்கு ஏக்கர் நான்காகவே இருந்தது.

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கு வருத்தத்தைவிடத் திருப்திதான் அதிகம். நான் நினைத்தது சரியாகப் போச்சே என்ற திருப்தி.

3. பூட்டிய டிராயர்

அந்தக் கிராமத்தின் ஃபீல்டு சர்வே முழுவதையும் செய்தவர் முரளி. அக்ரஹாரத்துக்காரர், மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வாய் திறந்தால் பாதி கன்னடமாக இருக்கும். பதினோரு வருடம் என் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவர்.

என் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. முரளியின் மச்சான் நில புரோக்கர். முரளி இப்போதெல்லாம் போன் வந்தால் வராந்தாவுக்குப் போய்ப் பேசுகிறார். போன மாதம் ஒரு பென் டிரைவில் எதையோ காப்பி செய்து வீட்டுக்கு எடுத்துப் போனார். முன்பெல்லாம் திறந்தே கிடந்த டிராயருக்கு இப்போது பூட்டு. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. நான் எதையும் தனியாகப் பார்க்கிறவள் இல்லை.

ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன், அந்தக் கிராமத்து எண்களில் ஏதாவது தப்பு இருக்குமா என்று. முரளி, “அத நீங்கதான் சொல்லணும் மேடம்” என்றார். திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் முதலாளி நாகராஜ் பொறுமையான கன்னடக்காரர். அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டால் அப்புறம் திரும்ப எடுக்க முடியாது, நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். அன்று மத்தியானமே முரளியின் லாகின் மூடப்பட்டது. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமைக்குள் நான் ஆதாரம் எடுத்துக் கொடுத்தால், இனி அரசு வேலை எதிலும் அவரைச் சேர்க்கக் கூடாது என்று கடிதம் போகும்.

முரளி டிராயர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். ஸ்கூட்டர் கிளப்பும் சத்தம் மேலேவரை கேட்டது.

4. பதினாறைத் தொடாத எண்

ஆதாரம் எடுக்க உட்கார்ந்தேன். ஊரில் உள்ள நிலங்களையெல்லாம் வரிசையாக ஒரு ஷீட்டில் போட்டேன். பஹணியில் உள்ள குண்டே ஒரு பக்கம், எங்கள் வரைபடத்தில் உள்ள குண்டே மறு பக்கம்.

பத்து இருந்த இடத்தில் நான்கு. இருபது இருந்த இடத்தில் எட்டு. முப்பது இருந்த இடத்தில் பன்னிரண்டு. முப்பத்தைந்து இருந்த இடத்தில் பதினான்கு.

திருடுகிறவன் இவ்வளவு நேர்த்தியாகத் திருடுவானா? அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. எங்கள் வரைபடத்தில் அந்த ஊரின் எந்த நிலத்திலும் குண்டே எண் பதினாறைத் தொடவே இல்லை. நாற்பது வரை போக வேண்டிய எண் ஒரு ஊர் முழுக்கப் பதினைந்து சொச்சத்தோடு நின்றுவிட்டது.

ஏன் என்று புரிந்துவிட்டது.

பஹணியில் இரண்டு ஏக்கர் இருபது குண்டேயை 2-20 என்று எழுதுவார்கள். எங்கள் டேட்டா என்ட்ரியில் அதை 2.20 என்று அடித்திருந்தார்கள். மனுஷருக்கு அது இரண்டு ஏக்கர் இருபது குண்டே. கணினிக்கு அது வெறும் தசமம், இரண்டே கால்கூட இல்லை. அந்தப் புள்ளி இருபதை நாற்பதால் பெருக்கினால் எட்டு. கட்டட கம்பெனிக்காரன் நிலங்களில் ஏன் குறையவில்லை? அவன் துண்டு துண்டான நிலத்தைச் சேர்த்து முழு ஏக்கராக வாங்கியிருந்தான். புள்ளிக்குப் பின்னால் அவனுக்கு ஒன்றுமே இல்லை. பாகம் பிரித்துப் பிரித்துக் குண்டேயாகிப் போனவர்களின் நிலத்தை மட்டும் அந்தப் புள்ளி தின்றிருக்கிறது. யாரும் கெட்ட எண்ணம் வைக்கவில்லை. ஆனாலும் அடி சிறியவர்களுக்குத்தான்.

அப்படிப் புள்ளி வைத்து அடிக்கச் சொன்னது யார்? ஃபைலின் ஹிஸ்டரியைத் திறந்தேன். பரப்பு என்ற கட்டத்தை டெசிமல் என்று உருவாக்கியவர் பெயர் அங்கே இருக்கும். முரளியின் லாகின் இருக்க வேண்டும் என்று அப்போதும் ஒரு ஓரத்தில் ஆசைப்பட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இருந்தது என் லாகின்.

அந்தத் தருணத்தில் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வேலை ஆரம்பித்த வாரத்தில் முரளி என் மேசைக்கு வந்து, ஏக்கருக்கு ஒரு கட்டம், குண்டேக்குத் தனியாக ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்டார். ஒரே கட்டம் போதும், புள்ளி வைத்து அடிக்கச் சொல்லுங்கள் என்று திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நான்தான் சொன்னேன். கோட்டுக்குள் அளந்த பரப்பையும் டேபிளில் உள்ள பரப்பையும் ஒப்பிட்டிருந்தால் அன்றே மாட்டியிருக்கும். அவசரத்தில் அந்தச் சோதனையை விட்டவளும் நான்தான்.

5. முரளி சொன்னது

நாகராஜிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, சாஃப்ட்வேர் பிழை என்று எழுதிவிடலாமே என்றார். முரளியும் திரும்பி வந்துவிடுவார், யாருக்கும் கஷ்டமில்லை என்பது அவர் யோசனை. எனக்கும் சபலம் தட்டியது. ஆனால் எனக்கு என் போன்ற ஆட்களைத் தெரியும். சாஃப்ட்வேர் என்று எழுதினால், ‘என்னமோ இருந்திருக்கு, மூடி மறைச்சிட்டாங்க’ என்று முரளியைப் பற்றி ஓய்வு பெறும்வரை பேசுவார்கள். நானே அப்படித்தான் பேசியிருப்பேன். என் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை முரளி வேலைக்குத் திரும்பி வந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் டிராயரைத் திறந்து மூன்று ஃபீல்டு நோட்டுகளை என்முன் வைத்தார். ஒவ்வொரு நிலத்துக்கும் ஏக்கர் தனியாக, குண்டே தனியாக, அவர் கையெழுத்தில். எல்லாம் சரியான எண்கள்.

“இதை ஏன் பூட்டி வெச்சீங்க?” என்று கேட்டேன்.

“உங்க கையில படக்கூடாதுன்னுதான் மேடம். ஊர்ல எல்லாரோட குண்டேயும் கம்மியாகுது, அந்தக் கம்பெனிக்கு மட்டும் ஆகலைன்னு நான் போன மாசமே பார்த்துட்டேன். உங்க வீட்டுக்காரர் அதே கம்பெனில பிளாட் புக் பண்ணிருக்கார்னு கேள்விப்பட்டேன். சும்னே, சும்மா ஒண்ணும் சந்தேகப்படல.”

பென் டிரைவில் எடுத்துப் போனது எனக்கு எதிரான ஆதாரம். வராந்தாவில் பேசியது ஒரு வக்கீலிடம். மச்சானிடம் அவர் பேசி இரண்டு வருடம் ஆகிறதாம். என் கணவர் பிளாட் புக் செய்தது உண்மைதான். அது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயமாகவே இதுவரை பட்டிருந்தது. முரளியின் மச்சான் மட்டும் பெரிய விஷயமாகத் தெரிந்தார்.

“என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே முரளி.”

“நீங்க கேட்டீங்களா மேடம்?”

பதினோரு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே தப்பை இரண்டு பேரும் கண்டுபிடித்து, ஆளுக்கொரு திருடனைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். இடையில் முப்பது நாள் ஓடிக்கொண்டிருந்தது.

6. இரண்டு கையெழுத்து

அவர் நோட்டுகளை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஊரின் எல்லா நிலங்களையும் திருத்தினோம். அவர் வாசித்தார், நான் அடித்தேன். ஏக்கருக்கு ஒரு கட்டம், குண்டேக்கு ஒரு கட்டம். வேலைக்கு வெளியே ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வரைபடத்தோடு மெட்டாடேட்டா என்று ஒரு பக்கம் போகும். யார் தயாரித்தது, எதில் என்ன குறை என்று சொல்லும் பக்கம். யாரும் படிப்பதில்லை என்று நான் எப்போதும் காலியாக விடுவேன். இந்த முறை என்ன தப்பு நடந்தது, யாரால் நடந்தது என்று முழுசாக எழுதினேன். இருபத்தொன்பதாவது நாள் திருத்திய வரைபடம் இணையத்தில் ஏறியது.

கடைசி நாள் மாதேஷ் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஹெல்மெட் கையில் இருந்தது. திரையில் இரண்டு ஏக்கர் இருபது குண்டே என்று காட்டினேன். தம்பிக்கு போன் போட்டுச் சொன்னார். பிறகு, பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். போட்டேன். அவர் தாளை முரளி பக்கம் நகர்த்தினார்.

“அவரும் போடட்டுங்க. நீங்க ரெண்டு பேரும் மொகம் குடுத்துப் பேசிக்கறதில்லீங்க, பாத்துட்டுத்தான் இருக்கறன். ரெண்டு கையெழுத்தும் இருந்தா எனக்கு நல்லதுங்க.”

முரளி தாளை வாங்கினார். நான் காட்டிய எண்ணைத் தன் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு பஹணியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். சந்தேகப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், சந்தேகம் இல்லாதவர்களுக்கு இந்த வேலை ஆகாது. ஆனால் மாதேஷ் முதல் நாள் வந்து நின்றபோது பன்னிரண்டு குண்டே எங்கே போச்சு என்று கேட்டார். நஷ்டம் அவருடையது, அப்படியும் அவர் எங்கே என்றுதான் கேட்டார். நான் யார் எடுத்தது என்று தேடப் போனேன். எங்கே என்று தேடியிருந்தால் அரை மணி நேரத்தில் என் மேசைக்கே வந்து சேர்ந்திருப்பேன்.