பாக்கியம் அக்கா ஓடி வந்த காட்சி

செய்தி வந்தபோது நான் ஒரு கல்யாண வீடியோவுக்குப் பாட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடை நிமால் ஐயா கதவைத் திறந்து, "தேவா நெதி உனா, மல்லி" என்றார். தேவா இறந்துவிட்டார், தம்பி என்பதைச் சிங்களத்தில் கேட்டபோது, அது வேறு யாரோ ஒரு தேவா என்று சற்று நேரம் நம்ப முடிந்தது. நெஞ்சுவலியாம். பலாங்கொடையிலிருந்து இரத்தினபுரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பெண் வீட்டார் மாலையில் வருவார்கள் என்பதால் மிச்சப் பாட்டையும் சேர்த்துவிட்டுத்தான் கடையை மூடினேன்.

உங்களில் பலருக்கு அவரை வீடியோக்காரர் தேவா என்றுதான் தெரியும். சடங்கு, கல்யாணம், கோயில் திருவிழா என்று எல்லாவற்றிலும் கெமராவுக்குப் பின்னால் வியர்த்து வழிந்துகொண்டு நின்றவர். அந்த வருமானத்தில் அவர் நம் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிச் சின்னச் சின்னப் படங்கள் எடுத்தார். எடுப்பது அவர், வெட்டி ஒட்டுவது நான். "கெமராவத் தூக்குனா மொதல்ல வணக்கம் சொல்லு, பொறகு எடு" என்பார். லயம் லயமாக, வரிசை வீடு ஒவ்வொன்றிலும், வணக்கம் சொல்லி, தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விடும். நான் முறைத்தால், "நாளைக்கும் விடியும்தானே" என்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை வணக்கம் சொல்ல மறந்தார். பெரட்டைப் பற்றிய படம் அது. காலையில் வேலைக்கு ஆள் கூடுவதைத்தான் பெரட்டு என்கிறோம். முன்பெல்லாம் அதற்குத் தப்பு என்ற பறையை அடித்துக் கூப்பிடுவார்கள். இப்போது ஆலைச் சங்கு ஊதுகிறது, சங்கு பழுதானால் மட்டும் தப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் அந்தத் தப்புச் சத்தத்தைப் படம்பிடிக்கப் போனோம். தோட்டத்து மனேஜர் தொரையிடம் அனுமதி வாங்கியிருந்தோம். கோயில் தலைவரிடமும் சொல்லியிருந்தோம். லயத்து ஆட்களிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை.

தப்பு முழங்கியதும் கீழே இருக்கும் பணிய லயத்துக் கதவுகள் திறந்தன. சங்கு பழுது, ஞாயிறும் வேலை போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு ஜனம் வந்தது. முன்னால் கொழுந்து பறிக்கும் பாக்கியம் அக்கா. கூடை ஒரு தோளில், படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றியபடி, வாயில் பாதி ரொட்டியோடு பனிக்குள்ளிருந்து ஓடி வந்தார். பிந்தினால் அரைப் பேர்தான், பாதி நாள் சம்பளம்தான், விழும் என்ற பயம் அந்த முகத்தில் அப்படியே இருந்தது. கெமரா ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் எடுத்ததிலேயே சிறந்த காட்சி அதுதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

தேவா அதைப் படத்தில் போட மறுத்தார்.

"ஏமாத்தி எடுத்தது நல்லா வந்திருச்சுன்னா, அது இன்னும் மோசம்டா" என்றார். நான் கத்தினேன். வேண்டுமென்றா ஏமாற்றினோம் என்றேன். "நல்லா வந்துச்சான்னு கேக்காத. யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு கேளு. அழிக்காத, வச்சிரு. ஆனா அந்த அக்காகிட்ட கேக்காம போடாத." அடுத்த ஞாயிறு எல்லோரிடமும் சொல்லிவிட்டு மறுபடி எடுத்தோம். பவுடர் பூசி, நல்ல சேலை கட்டி, சிரித்துக்கொண்டே வந்தார்கள். அதைத்தான் சேர்த்தோம். கொழும்பில் ஒரு போட்டிக்கு அனுப்பினோம். முதல் சுற்றிலேயே கழித்துவிட்டார்கள். நாங்கள் மறுபடியும் கல்யாணங்களுக்குப் போனோம்.

பாக்கியம் அக்காவிடம் கேட்கத் தேவா ஒரு முறை போனார். தேத்தண்ணீர் குடித்துவிட்டு, கேட்காமலே திரும்பி வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "வாய் வரலடா" என்றார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு அவருடைய படங்களைத் தோட்டத்து மண்டபத்தில் போட வேண்டும், அவர் எடுத்ததில் சிறந்ததைக் கொண்டுவா என்று என்னிடம் சொன்னார்கள். நான் போனில் அந்தக் காட்சியை ஏற்றிக்கொண்டு பாக்கியம் அக்காவிடம் போனேன். ஓடி வரும் தன்னை அவர் இரண்டு தடவை பார்த்தார்.

"எப்பிடி அரக்கப்பரக்க ஓடியாறேன் பாருங்க தம்பி. தேவா தம்பி நல்லாத்தான் எடுத்திருக்காரு."

"அப்போ போடட்டுங்களா அக்கா?"

"வேணாங்க. அந்தப் பயத்த எம்புள்ளைங்க பாக்க வேணாம்."

போனில் இருந்ததை அங்கேயே அழித்தேன். கடையில் இருந்ததை மாலையில் அழித்தேன். அழிக்கும்போது வர வேண்டிய அழுகை வரவில்லை, தேவா மேல் கோபம்தான் வந்தது. இந்த வேலையை எனக்கு விட்டுவிட்டா போக வேண்டும்? களைப்பாக இருந்தது. இனி யாரோடு சண்டை போட்டு ஒரு படத்தை முடிப்பது?

சிறந்தது என்று மண்டபத்தில் போட வேறு எதுவும் இல்லாததால் இரண்டாவது ஞாயிறு எடுத்ததை, நான் வெட்டுவதற்கு முந்தைய முழு நீளத்தில், திறந்தேன். எத்தனையோ வீடுகளின் வீடியோவில் அவர் உழைப்பு இருக்கிறது, குரல் எதிலும் இல்லை. கெமராக்காரர் குரல் கேட்கக் கூடாது என்று எல்லாவற்றையும் வெட்டியெறிவது என் வேலை. இதில் வெட்டியது அப்படியே கிடந்தது. பாக்கியம் அக்கா பாதி வழியில் நின்று, "ஓடணுங்களா தம்பி, நடந்தா போதுங்களா?" என்று கெமராவைப் பார்த்துக் கேட்கிறார்.

மண்டபத்தில் அதை வெட்டாமல் போட்டேன். தேவாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டதும் கெமராவுக்குப் பின்னாலிருந்து அவர் சொன்ன அந்தப் பதில் ஒன்றுதான்.

"ஒங்க இஷ்டங்க அக்கா. மெதுவாவே வாங்க. இன்னைக்கு ஞாயித்துக்கெழமதானே."