டின் பாலும் என் பாலும்

என் முதல் பிள்ளையை எட்டாம் மாதமே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஒன்றே முக்கால் கிலோ. பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்து டின் பால்தான் கொடுத்தார்கள். எனக்குக் காய்ச்சல். பாலைப் பீய்ச்சி எடு என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபோது மார்பு வற்றிக் கிடந்தது. வாயில் வைத்தால் முதுகை வளைத்துக் கத்துவான். பாட்டிலைக் காட்டினால் அடங்குவான்.

எனக்கு அம்மா இல்லை. பேறுகாலம் மாமியார் வீட்டில்தான். வீட்டுக்காரர் கடலில் சங்கு குளிக்கப் போகிறவர். விடியுமுன் போனால் மதியம் தாண்டித்தான் வருவார். பகலில் நான், மாமி, பிள்ளை.

தெருவுக்கு வரும் நர்சம்மா, இன்னும் பால் வரவைக்கலாம் என்றார். பாட்டிலை விட்டுவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நெஞ்சில் போட்டு வாயில் வைக்க வேண்டும். பிறகு பீய்ச்சி, மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் ஊட்ட வேண்டும். பற்றாததற்கு மட்டும் டின் பால், அதுவும் பாலாடையில். வாரம் ஒருதரம் எடை. மாமி பின்னால் நின்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. மாமி சும்மா இருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

பால் ஊறட்டும் என்று வீட்டுக்காரர் பால்சுறா வாங்கிவந்தார். மாமி இரண்டு வேளையும் சுறாப் புட்டு அவித்துப் போட்டார். ஆறாம் நாள் என் சேலை நனைந்தது. பால் வந்துவிட்டது. பிள்ளைதான் குடிக்கவில்லை.

பத்து மணிக்கு மாமி அவனைக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட அடுப்படிக்குக் கொண்டுபோவார். கதவைச் சாத்திக்கொள்வார். அப்புறம் இரண்டு மணி வரை தூங்குவான். எழுப்பி மார்பில் வைத்தால் உதட்டால் தொட்டுவிட்டுத் தூங்குவான். பசித்த பிள்ளை அப்படித் தூங்காது. வாயை முகர்ந்து பார்த்தேன். சாம்பிராணி வாடைதான் அடித்தது.

பிறகு எல்லாவற்றையும் முகர்ந்தேன். எனக்கு வைத்த புட்டையும். என் கட்டிலுக்கு மேலே இருந்த மாதா படத்துக்கு மாமி மல்லிகைச் சரம் போட்டிருந்தார். மல்லிகை பாலை வற்றவைக்கும் என்று கேள்வி. படத்தோடு எடுத்து வெளியே மாட்டினேன். மாமி பார்த்தார். அடுப்படிக்குப் போய்விட்டார்.

கதவைச் சாத்திக்கொண்டு டின் பால் கொடுக்கிறீர்களா என்று மாமியை நேரே கேட்க முடியாது. இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் எப்படி இருப்பது?

டின் பால் கலக்குவது நான்தான். மறுநாள் காலை கலக்கியபின் டின்னில் இருந்த மாவைக் கரண்டியால் மட்டம் தட்டி, அதன் காம்பால் ஒரு கோடு போட்டேன். ஒரு கோடு தானாகவும் விழும் என்று குறுக்கே இன்னொன்று. மூடி வைத்தேன்.

அன்று சாம்பிராணி நேரத்தில் அவன் அழுதான். அழுகை நிற்கவில்லை. கதவு திறந்தது. மாமி ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் டின்னுமாக வந்தார்.

"ஏளா, இதுல சிலுவ போட்டது நீயா?"

அது சிலுவை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஆமாம் என்றேன்.

"அதுமேல நான் எப்படி கரண்டிய விடுவேன்?"

சொல்லிய பிறகுதான் மாமிக்கும் தெரிந்தது, மாட்டிக்கொண்டது. ஆனாலும் குரல் இறங்கவில்லை.

"நான்தான் குடுத்தேன். ஒனக்கு ஊறுத வரைக்கும் அவன் காயணுமா? தொட்டா எலும்புதான் தட்டுது."

"இப்ப ஊறுது மாமி. அவனுக்குப் பசிக்கணும்."

"பிள்ளையப் பட்டினி போடுதா. தாயாம்."

ஆனால் பிள்ளையை என் மடியில் போட்டார். அவன் கத்தினான். முதுகை வளைத்தான்.  மாமி, நான் பீய்ச்சி வைத்திருந்த பாலைப் பாலாடையில் எடுத்துவந்து, என் மார்பில் வழிந்து அவன் உதட்டில் விழும்படி சொட்டு விட்டார். அப்போதும் எனக்குச் சந்தேகம். என் பால்தானா என்று கேட்டேன்.

"பின்ன, கடத்தண்ணியா?"

நக்கினான். இன்னொரு சொட்டு. சட்டென்று கவ்வினான். கால்விரல் வரை வலித்தது. நான் அசையவில்லை. மாமி குனிந்து அவன் தொண்டையையே பார்த்தார்.

"எறங்குது" என்றார்.

அடுத்த எடைக்கு மாமியும் வந்தார். இருநூறு கிராம் ஏறியிருக்கிறது என்றார் நர்சம்மா. எனக்கு நம்பிக்கை வரவில்லை. தராசு சரிதானா, இன்னொருதரம் போடுங்கள் என்றேன். துணியைக் கழற்றிவிட்டுப் போடச் சொன்னார் மாமி. நர்சம்மா சிரித்துக்கொண்டே மறுபடி போட்டார். அதேதான். தராசு குளிர்ந்து அவன் அழுதான். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து கொடுத்தேன். மாமி தன் முந்தானையால் எங்களை மறைத்துக்கொண்டு நின்றார்.