சுரண்டி எறிந்த மெழுகு

இலங்கை மலைநாட்டில் அப்புத்தளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலின் பின்னால், பழைய வெள்ளைக்காரத் துரை ஒருவரின் கைக்குழந்தைக்குக் கல்லறை இருக்கிறது. ஆளில்லாத பிள்ளையாயிற்றே என்று, கல்லறைத் திருநாளில் அதற்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றுவது எங்கள் வீட்டு வழக்கம்.

போன வருடம் அந்தத் துரையின் குடும்பத்துப் பெண் ஒருவர் இங்கிலாந்துக் கிராமத்திலிருந்து வருவதாக ஃபாதர் சொன்னார்.

"கல்லு இப்படி அழுக்கா கெடந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?" என்றார் அம்மா. இருவரும் உட்கார்ந்து பல வருட மெழுகைக் கத்தியால் சுரண்டி எடுத்தோம்.

வந்தவர் அந்தக் கல்லைப் பார்த்தார். சுற்றியிருந்த கல்லறைகளையும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "மற்ற எல்லாவற்றிலும் மெழுகு வழிந்திருக்கிறதே. இந்தப் பிள்ளையை மட்டும் யாரும் நினைக்கவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் தமிழில் சொன்னதும் அம்மா பதறிப்போனார். "ஐயோ, அப்படி இல்லைன்னு சொல்லு!" என்றபடி வேலியோரக் குப்பைக்கு ஓடி, இரண்டு கையிலும் மெழுகை அள்ளி வந்து நீட்டினார்.

வருடா வருடம் நாங்கள் ஏற்றியது, சுத்தம் செய்வதாக நாங்களே சுரண்டிவிட்டோம் என்று நான் விளக்கினேன். மண் ஒட்டியிருந்ததைக்கூட அந்தப் பெண் தட்டவில்லை. ஒரு துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பிள்ளையைப் புதைத்துவிட்டுக் கப்பலேறிய தாயின் கல்லறை தங்கள் ஊரில் இருக்கிறதாம், அங்கே வைக்கப்போகிறாராம்.

பிள்ளை தனியாக இல்லை என்று அந்தத் தாய்க்குச் சொல்ல எங்களிடம் இருந்தது, அழுக்கென்று சுரண்டி எறிந்த அது ஒன்றுதான்.