மூடும் குறியைக் கடுகாக்கியவர்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கிளிக் அண்ணன். வலைத்தளங்களில் விளம்பரம் வைப்பதும், பார்க்கிறவர்களை அதை அழுத்த வைப்பதும்தான் பிழைப்பு. இந்தப் பாழாய்ப்போன மெத்தை விளம்பரத்தை மட்டும் யாரும் சீந்தவில்லை. ஆயிரம் பேர் பார்த்தால் மூன்று பேர் அழுத்தினார்கள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிரத்துக்குப் பத்து பேராவது அழுத்தணும். இல்லேன்னா மெத்தைக் கடைக்காரர் வேற ஆளைப் பார்ப்பார், நீங்க வேற வேலையைப் பார்க்கணும்," என்று மேலாளர் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

மனிதர் என்னதான் செய்யவில்லை! சிவப்பு வைத்தார், பச்சை வைத்தார், கொட்டாவி விடும் குழந்தையை வைத்தார். அதைப் பார்த்துப் பார்த்து அவருக்குத்தான் கொட்டாவி வந்தது. வியாழக்கிழமை காலையில் குறுக்குப் புத்தி வேலை செய்தது. விளம்பரத்தை மூடுவதற்கென்று மூலையில் ஒரு பெருக்கல் குறி இருக்குமே, அதைக் கடுகளவு ஆக்கிவிட்டார். மூடப் போகிற விரல் மெத்தை மேலேயே விழும், கடையின் பக்கம் திறந்துகொள்ளும். சாயங்காலத்துக்குள் ஆயிரத்துக்கு நாற்பது! மேலாளர் கைகுலுக்கினார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே மனைவியின் குரல் கேட்டது. அவள் தையல்காரி; கைபேசியில் கவுன் வெட்டும் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கட்டையில போறவன் வேலைங்க இது? மூடப் போனா மெத்தைக் கடை, திரும்பி வந்தா மறுபடியும் மெத்தைக் கடை! இதை வச்சவன் மட்டும் என் கையில கிடைச்சான், இந்தக் கத்தரிக்கோலாலயே..."

"முதல்ல அதைக் கீழ வை," என்றார் அண்ணன். "வச்சவன் நான்தான்."

சிரிப்பாள் என்று நினைத்தார். சிரிக்கவில்லை. "ஊர் பூரா உங்களைத் திட்டறதுக்கா தினமும் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பறேன்?" என்றாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் போனதும் முதல் வேலையாகக் குறியை நன்றாகப் பெரிதாக்கினார். மதியத்துக்குள் எண்ணிக்கை பழையபடி மூன்றுக்கு இறங்கியது. நேரே மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி மனுஷா! நேத்து நானே ஆறு தடவை மாட்டிக்கிட்டு ஆறு தடவையும் திட்டினேனே, அது உங்க வேலையா?" கோபப்படுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. "திங்கட்கிழமை வரைக்கும் டைம். அதுக்கு மேல என்னால கடைக்காரருக்குப் பதில் சொல்ல முடியாது."

அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்," என்றாள். "இப்பதான் தொந்தரவு இல்லாம அந்தப் படத்தை நல்லா பார்த்தேன். மெத்தை ஒண்ணும் மோசமில்லை. நம்ம வீட்டு மெத்தை நடுவுல குழி விழுந்து கிடக்கே. என்ன விலைங்க அது?"

விலை அண்ணனுக்கே தெரியாது. நாலு மாதமாக ஊரையெல்லாம் அழுத்து அழுத்து என்ற மனிதர், தான் ஒரு தடவைகூட அதை அழுத்திப் பார்த்ததில்லை.

"ஒரு நிமிஷம் இரு," என்று சொல்லிவிட்டு, முதன்முதலாக அழுத்தினார்.